சத்தம் குறைந்த எஞ்சின்

அண்ணன் இடுப்பிலிருந்து அந்த நீளத் திருப்புளியை உருவியதுமே அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுத்து என்ன செய்வான் என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மேல் திருப்புளியின் முனையை ஊன்றி, மரக் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். காதுக்கு எட்டாத சத்தம் பல் வழியாக ஏறித் தாடை எலும்பில் கேட்குமாம். வீட்டில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தபோது அப்படித்தான் பழுதைக் கண்டுபிடித்தான். ஆனால் அது வீடு. இது பழைய இரும்புக் கடை. இரும்பு உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஏற்கெனவே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இவர்களை வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

உள்ளே நுழையும்போதே அண்ணன், "பாப்பா, ஆணி கெடக்கு, பாத்து வா!" என்று கத்தியிருந்தான். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிற ஒரு பெண்ணை, தலை நரைத்த ஆள் அடித்தொண்டையில் பாப்பா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

"பாப்பாவுக்கு மிட்டாய் வாங்கிக் குடுங்கப்பா," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று அண்ணன் அவளைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லண்ணா."

அவள் வழக்கமாகச் சொல்லும் பதில் அதுதான். பேருந்தில், மருந்துக் கடையில், தெருமுனையில், எங்கே யார் எதைச் சொல்லிச் சிரித்தாலும் அவள் அவனுக்குச் சொல்வது ‘ஒண்ணுமில்ல’ என்பதுதான். அவன் மனம் புண்படக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்வதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவன் கையைப் பிடித்துத் திருப்புளியைக் கீழே இறக்கினாள். "வேண்டாம்ணா. நான் கேட்டுச் சொல்றேன்."

அண்ணன் அவள் உதடுகளைப் பார்த்தான். மற்றவர்கள் பேசினால் அவனுக்குப் பாதிக்கு மேல் ஊகம்தான். தங்கையின் வாயசைவு மட்டும் அச்சடித்த எழுத்து மாதிரி.

"அதுவும் சரிதான். பாம்புச் செவிக்காரி பக்கத்துல இருக்கும்போது நான் எதுக்கு மரக்கட்டையைக் கடிக்கணும்?" என்று கடை அதிரச் சொல்லிவிட்டுத் திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நாலு பேர் முன்னால் அதைக் கடித்துக்கொண்டு நிற்பது அவனுக்கும் கூச்சமாக இருந்திருக்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

பாம்புச் செவி என்பது வெறும் கேலியில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். வரிசையாக ஓடும் தையல் மிஷின்களில் எது ஊசியை முறிக்கப்போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அண்ணனின் காதும் ஒருகாலத்தில் அப்படித்தான். ஐஸ் ஃபேக்டரியில் டீசல் எஞ்சின்கள் ஓடும் அறையில்தான் அவனுடைய வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அந்த எஞ்சின்களே அவன் காதை மெல்ல மெல்லத் தின்றன. ஃபேக்டரி மூடிய பிறகு, அண்ணியும் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் வீட்டுப் பக்கவாட்டு அறைக்கு வந்தான். காதுக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "இதுல தெருவே தகரத்துல நடக்கிற மாதிரி கேக்குது," என்று மேசை டிராயரில் போட்டுவிட்டான்.

மோட்டார் சைக்கிள் ஆசை அப்போது வந்ததுதான். அவனிடம் ஒரு பழைய வண்டி இருந்தது, எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி என்று இருந்த காலத்து வண்டி. அதன் பெட்ரோல் எஞ்சின் ஓடினாலும் அவனுக்குத் தெரிவதில்லை. நின்றுபோன வண்டியில் உட்கார்ந்து கியர் போட்டுக்கொண்டிருப்பான். சில நேரம் முழு வேகத்தில் அலறவிட்டுக்கொண்டு சிக்னலில் சாவகாசமாக நிற்பான். பின்னால் இருப்பவர்கள் கையை ஆட்டித் திட்டும்போதுதான் விஷயம் புரியும். கடைசியில் அந்த எஞ்சினையே கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் டீசல் எஞ்சின் ஒன்றை வைப்பதென்று முடிவு செய்தான்.

"டீசல்னா ஒவ்வொரு அடியும் உடம்புல விழும் பாப்பா. உக்கார்ற இடத்துல, கைப்பிடியில, பாதத்துல. காதே வேண்டாம்."

பழைய இரும்புக் கடைக்காரரை ஆறடி உயரம் இருந்தும் எல்லோரும் குட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு எஞ்சின்களைக் காட்டினார். சின்னது, ஒரு துணிக்கடை மாடியில் கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் ஓடின ஜெனரேட்டருடையது. எடை குறைவு, வண்டியின் சட்டத்தை அதிகம் வெட்ட வேண்டியதில்லை, வேகமாகச் சுற்றும். பெரிசு, கட்டட வேலைக்குச் சிமென்ட் கலக்கும் மிஷினிலிருந்து கழற்றியது. அதன் கனத்துக்குச் சட்டத்தையே வெட்டி நீட்ட வேண்டும், பின் சக்கரத்துக்கு வேறு பல்சக்கரம் போட வேண்டும், அப்போதும் வண்டி மெதுவாகத்தான் போகும்.

முதலில் சின்னதை ஓட்டினார். அவள் குனிந்து கேட்டாள். கரகரவென்று மேலே ஓடும் சத்தம் சரியாகத்தான் இருந்தது. குட்டை வேகத்தைக் கூட்டிவிட்டுக் குறைத்தார். குறையும் அந்த இறக்கத்தில், அடியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. டொக், டொக், டொக். மூடிய கதவை உள்ளே இருந்து யாரோ ஒற்றை விரலால் தட்டுவதுபோல. மறுபடி கூட்டிக் குறைத்தார். மறுபடி வந்தது.

பிறகு பெரிசு. கைப்பிடி போட்டு இரண்டு பேர் சுற்றினார்கள். தொம், என்று ஆரம்பித்தது. தகரக் கூரை நடுங்கியது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இருந்தது. மகா சத்தம், ஆனால் சுத்தமான சத்தம். அடியில் எதுவும் தட்டவில்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் நின்றான். உள்ளங்கையை அதன் மேல் வைத்தான். அவன் முகம் விரிந்தது.

"தெரியுது பாப்பா! கால்ல தெரியுது!"

எஞ்சின் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கடை முழுக்கக் கேட்டது. இரும்பு உடைப்பவர்கள் கைதட்டினார்கள். "ஆடு பெருசு, ஆடு!" என்றான் மிட்டாய் வாங்கிக் கொடுக்கச் சொன்ன அந்த ‘மிட்டாய்க்காரன்’. அண்ணன் அவர்களைப் பார்த்து வெள்ளையாகச் சிரித்து, மெய்யாகவே ஒரு காலைத் தூக்கி இரண்டு குதி குதித்தான்.

அவளுக்கு எதிர்வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் அங்கே இருந்தார். ஒருநாளும் கடுஞ்சொல் சொன்னதில்லை. அண்ணன் வாசலில் நின்று பேச ஆரம்பித்தால் அந்த ஜன்னல் மெதுவாகச் சாத்தப்படும், கொக்கி விழும், அவ்வளவுதான். அந்தக் கொக்கியின் சின்னச் சத்தம் அவள் முதுகில் வந்து விழும். இந்த எஞ்சின் தெருவுக்கு வந்தால் ஒரு ஜன்னல் அல்ல, தெரு முழுக்கச் சாத்தப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி.

"எப்படி?" என்றான் அண்ணன்.

"தட்டுதுண்ணா."

"எது? இதுவா?"

"ஆமா. உள்ள ஏதோ தட்டுது."

அவன் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "கைக்கு ஒண்ணும் தெரியலியே. வழுவழுன்னுதான் இருக்கு." தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "அதிர்ந்து அதிர்ந்து மரத்துப் போன கைதானே. உன் காது சொன்னா சரிதான். அப்ப சின்னது?"

"அது நல்லா இருக்கு."

குட்டை எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்தக் கடையில் எது தட்டுகிறது என்று அவருக்கும் தெரியும். அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. "அக்கா சொன்னா அப்பீலே கிடையாது," என்று சொல்லிவிட்டு, சின்ன எஞ்சினைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்.

வாய் தவறி வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை. வாய் தவறினால் ஒருமுறைதான் தவறும். நல்லதைக் கெட்டது என்றதோடு விடாமல், கெட்டதை நல்லது என்றும் சொல்லியிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவே அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்த நேரம் முழுவதும் அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த நேரத்தில் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீசல் எஞ்சின் என்றால் எல்லாமே கொஞ்சம் தட்டும், இதெல்லாம் பெரிய விஷயமா, என்றும் சொல்லிப் பார்த்தாள். அதுவும் நிற்கவில்லை.

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் வேலை நடந்தது. அண்ணன் தகடு வெட்டி, துளை போட்டு, எஞ்சினைச் சட்டத்தில் உட்கார வைத்தான். அதிர்வைத் தாங்க லாரி டயரிலிருந்து ரப்பர் வில்லைகள் வெட்டினான். சீருடைக் கூடத்தில் மிஞ்சிய நீலக் கட்டம்போட்ட துணியைக் கேட்டு வாங்கி சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டான், அவளுடைய மிஷினில், அவளை விட நேராக. பின் சீட்டில் உட்காருபவருக்குக் கால் வைக்க இரண்டு கம்பிகளை வளைத்தான். யார் உட்காரப்போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

எஞ்சின் முதன்முதலாக வண்டியில் ஓடியபோது அவள் கணவர் காபி டம்ளரோடு சந்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே மச்சான்! நம்ம மிக்சியை விடக் கம்மியாத்தான் கத்துது," என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவளிடம் திரும்பி, "நான்கூட பயந்துட்டேன்மா. தெருவுல தலைகாட்ட முடியாதோன்னு நினைச்சேன். நல்லதாத்தான் பொறுக்கியிருக்கீங்க," என்றார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது. அவள் விரும்பியது நடந்துவிட்டது. ஆனால் அண்ணன் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் அடியிலிருந்து அந்த ஒற்றை விரல் தட்டியது. யாருக்கும் அது கேட்கவில்லை, அவளைத் தவிர.

அதைவிட மோசமானது வேறு. ஒரு மாலை அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டான். பாதங்களைக் கம்பியில் வைத்தான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான், பிறகு தளர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சின்ன எஞ்சின் வேகமாகச் சுற்றும். அதன் அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு நமைச்சலாகத்தான் உடம்புக்கு வரும். ரப்பர் வில்லைகள் அதையும் வாங்கிக்கொண்டன.

கண்ணைத் திறந்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவளைப் பார்த்தான்.

"ஓடுதா பாப்பா?"

அவள் கையிலிருந்த சட்டையை உதறினாள். உதறியதையே மறுபடி உதறினாள். பிறகு தலையை ஆட்டினாள். ஓடுது.

"அதானே," என்று சிரித்துக்கொண்டான். "இன்னும் பழகல. பழகிட்டா தெரியும்."

இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அவன் டீசல் எஞ்சின் தேடிப் போனான். சீருடைக் கூடத்தில் அவள் எந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாலும் அந்தத் தட்டல் கேட்டது. நன்றாக இருந்த மிஷினை நிறுத்திப் பிரிக்கச் சொன்னாள். தைக்கும் பெண்கள், "மேடத்துக்கு என்னாச்சு?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் அறிவித்தான். மறுநாள் சாயங்காலம் வாய்க்கால் ஓரத்துச் சாலையில் முதல் ஓட்டம். பின்னால் அவள்தான் உட்கார வேண்டும்.

"வலது பக்கம் வண்டி வந்தா வலது தோளைத் தட்டு. இடதுன்னா இடது. யாராவது ஹாரன் அடிச்சா முதுகுல ஒண்ணு போடு. சின்ன வயசுல அடிச்ச பாக்கியெல்லாம் தீத்துக்கலாம்."

அவள் கணவர் சிரித்தார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவன் எழுந்து கை கழுவப் போனபோது பின்னாலேயே போய் எதிரில் நின்றாள்.

"அண்ணா, எஞ்சின்ல ஏதோ தட்டுது."

அவன் அவள் உதடுகளைப் பார்த்தான். பிறகு கண்களைப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "பயந்தாங்கொள்ளி! பின்னால உக்கார பயம்னு நேராச் சொல்லேன்."

"இல்லண்ணா, நிஜமாவே."

"கடையில நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன? உன் காது கேட்டு எடுத்த எஞ்சின். நீ சொன்னதை நான் நம்புறேன், நீயே நம்ப மாட்டியா?" ஈரக் கையால் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான்.

அன்னைக்குப் பொய் சொன்னேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வேறு யாரிடமாவது என்றால் சொல்லியிருப்பாளோ என்னவோ. தலையைக் குனிந்துகொண்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லலாம். இவனிடம் அது நடக்காது. எதைச் சொன்னாலும் முகத்தை நிமிர்த்தி, வெளிச்சத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். பொய்யை அப்படித்தான் சொன்னாள். அதற்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் படுத்திருந்தபோது சந்துக்குப் போனாள். காலையில் ஓட்டிப் பார்த்திருந்ததால் எஞ்சினில் இன்னும் சூடு இருந்தது. அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட் எது என்று அவன் மாட்டும்போதே பார்த்து வைத்திருந்தாள். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கி விரலைக் கீறியது. மூன்றாவது முறை போல்ட் அசைந்தது. சமையலறையிலிருந்து எடுத்துவந்த வெள்ளைப் பீங்கான் தட்டை நீட்டிப் பிடித்தாள். கறுத்த எண்ணெய் இறங்கித் தட்டில் பரவியது. வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய்க்குள் வெள்ளி நிறத்தில் பொடிப் பொடியாக ஏதோ மின்னியது, ஜிகினாவைப் பொடித்துத் தூவினதுபோல.

நிமிர்ந்தபோது அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தட்டை வாங்கினான். எண்ணெயைத் தொட்டு இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தான். முகம் மாறியது.

"பேரிங் போச்சு," என்றான். "உள்ள ராடைப் பிடிச்சிருக்கிற பேரிங். தேஞ்சு பொடியா வருது." தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்லவேளை பாப்பா. ரோட்டுல போகும்போது இது இறுகிப் பிடிச்சிருந்தா பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். ரெண்டு பேரும் வாய்க்கால்லதான். நேத்தே சொன்ன, நான்தான் சிரிச்சேன். மடையன் நான்." எண்ணெய்க் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டான். "உனக்குன்னு ஒரு காது இருக்கே, சாமி!"

அவள் மட்டும் பேசாமல் இருந்தால் இது இத்துடன் முடிந்துவிடும். எஞ்சின் பாதியில் கெட்டது, தங்கை கண்டுபிடித்தாள், உயிர் தப்பியது. அவன் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான், கத்திச் சொல்வான். பாம்புச் செவிக்காரி. அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் இந்த வீட்டில் நடமாடுவதை அவள் நினைத்துப் பார்த்தாள். சுவரின் நிழலில் நின்றவள் ஓரடி நகர்ந்து வெயிலுக்கு வந்தாள். முகத்தை நிமிர்த்தினாள்.

"அன்னைக்கே தட்டுச்சு."

"என்னைக்கு?"

"கடையிலயே. இதுதான் தட்டுச்சு. பெரிசு தட்டல."

அண்ணன் கண்ணைச் சுருக்கினான். "புரியல. திருப்பிச் சொல்லு."

புரிந்திருந்தது. ஆனால் தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வாயை உற்றுப் பார்த்தான். அவள் மறுபடி சொன்னாள். இன்னும் மெதுவாக. இந்த எஞ்சின்தான் தட்டியது. அந்த எஞ்சினில் ஒன்றுமில்லை. நான் மாற்றிச் சொன்னேன்.

"எதுக்கு?"

"சத்தம்." அவளுக்கு உதடு நடுங்கியது. நடுங்கினால் அவனால் படிக்க முடியாது என்று பல்லால் கடித்து நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "தெருவுல எல்லாரும் பாப்பாங்க. எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்துவாங்க. நீ பேசினாலே சாத்துறாங்க."

அண்ணன் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தான். ஜன்னல் திறந்திருந்தது.

"சாத்துறது எனக்குத் தெரியாதே," என்றான். பிறகு, "சத்தம் ஜாஸ்தின்னு சொல்லியிருந்தா பெரிய சைலன்சரா ஒண்ணு செஞ்சு மாட்டியிருப்பேனே பாப்பா. எனக்கு எப்படித் தெரியும் அது?"

தன் குரலின் அளவு தெரியாதவன் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னான். அவள் காதுக்கே எட்டியும் எட்டாமலும் இருந்தது.

அவன் கோபப்படவில்லை. சாப்பாட்டைத் தள்ளவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். வாசலில் யாரு, பால் பொங்குதா, டிவியில என்ன சொல்றான் என்று நாள் முழுக்க அவளைக் கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அவள் கணவரின் வாயைப் பார்க்கத் தொடங்கினான். அவர் மீசைக்குள்ளேயே பேசும் மனிதர்.

"மச்சான், சாப்பிட்டாச்சா?"

"ஆமா, மேகம் போட்டிருக்கு. பெய்யும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளும் முன்பு இப்படிச் சிரித்தவள்தான். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்ற சந்தேகத்தில் அண்ணனின் கண் ஒரு கணம் தட்டுத் தடுமாறியது. ஆனாலும் அவள் பக்கம் திரும்பவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விட்ட நாற்காலி மாதிரி இருந்தது அவளுக்குத் தன் முகம்.

சின்ன எஞ்சினைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி அண்ணன் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பிய அன்று அவள் கூடவே நடந்தாள். வா என்று அவன் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேட்டில் வண்டி திணறியபோது அவள் பின்னாலிருந்து தள்ளினாள். வண்டி லேசானது அவனுக்குத் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டை தள்ளுவண்டியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "திரும்பி வந்துடும்னு தெரியும். அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கிற விஷயம், நடுவுல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு அன்னைக்கு விட்டுட்டேன்க்கா," என்றார். "எனக்கும் அது போனா போதும்னு இருந்துச்சு."

அவள் குனிந்து தள்ளுவண்டியில் எஞ்சினைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

பெரிசு அதே இடத்தில், அதே தகரக் கூரையின் கீழ், கலவைச் சிமென்ட் காய்ந்த தோலோடு கிடந்தது. இரண்டு பேர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்கள். தொம். கூரை நடுங்கியது. இரும்பு உடைப்பவர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

அண்ணன் இடுப்பிலிருந்து திருப்புளியை உருவினான். அவள் கை தானாக அவன் மணிக்கட்டை நோக்கி எழுந்தது. பாதி வழியில் அதை இறக்கிக்கொண்டாள்.

திருப்புளியின் முனையை எஞ்சினின் பக்கவாட்டில் ஊன்றினான். குனிந்து, மரக் கைப்பிடியைப் பல்லால் கடித்து, கண்ணை மூடினான். எஞ்சினின் ஒவ்வொரு அடிக்கும் அவன் தலை ஆடியது. கன்னத்துச் சதை ஆடியது. வாயோரம் எச்சில் வழிந்து மரத்தில் இறங்கியது. முதுகு வளைந்து, வேட்டி ஒருபக்கம் ஏறி, நரைத்த தலை குலுங்கக் குலுங்க நின்றான். இந்தக் கோலத்தில் நாலு பேர் முன்னால் நிற்காமல் இருக்கத்தான் அன்று அவளை நம்பித் திருப்புளியைச் செருகிக்கொண்டான். அந்த நிம்மதியான முகம் அவளுக்கு இப்போது நினைவு வந்தது. இத்தனை நாள் அவனால் தனக்கு வந்த வெட்கம் என்று எதைச் சுமந்துகொண்டிருந்தாளோ, அதில் அவனுடையது எதுவுமே இல்லை.

"பெருசு எஞ்சினைக் கடிச்சே தின்னுடும் போலிருக்கு!" என்றான் மிட்டாய்க்காரன். "உப்பு வேணுமான்னு கேளுங்கடா!" கடையே சிரித்தது.

அண்ணன் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தான். சிரிக்கிற முகங்களைப் பார்த்தான். குட்டையின் வாயைப் பார்த்தான். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல், பல நாட்களுக்குப் பிறகு, தங்கையைப் பார்த்தான்.

"என்னவாம்?"

ஒண்ணுமில்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"நீ எஞ்சினைக் கடிச்சுத் தின்னப் போறியாம். உப்பு வேணுமான்னு கேக்கிறாங்க."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கேட்டு, அவள் அப்படியே எடுத்துச் சொன்ன முதல் கேலி அது. அவன் மிட்டாய்க்காரனிடம் திரும்பி, "உப்பு வேண்டாம், மிளகாய்த்தூள் இருந்தா குடு!" என்று கூரை அதிரக் கத்தினான். அந்த ஆள் திடுக்கிட்டுப் போனான். மற்றவர்கள் இப்போது அந்த மிட்டாய்க்காரனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி அவள் பக்கம் திரும்பினான். கேட்கலாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றான்.

"சத்தம் எப்படி?"

"பெரிய சத்தம்ணா. தெரு முழுக்கக் கேக்கும். ஜன்னலைச் சாத்துவாங்க."

"அதைக் கேக்கல."

"தட்டல. உள்ள சுத்தமா இருக்கு."

தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டம், அவ்வளவுதான். பிறகு திருப்புளியை வேட்டியில் துடைத்து, எஞ்சினின் மறுபக்கம் போய், அடிப்பக்கமாக, அவள் சொன்ன அந்த உள்ளே எங்கே இருக்கிறதோ அங்கே ஊன்றி, கைப்பிடியைக் கடித்துக் கண்ணை மூடினான். எஞ்சின் அதிர்ந்து மண்ணில் நகரப் பார்த்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அது நகராமல் இருக்க அதன் இரும்புக் காலைத் தன் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் பாதத்தில் ஏறி முழங்கால்வரை வந்தது. அவள் சொன்னது உண்மைதானா என்று அவன் பார்த்து முடிக்கும்வரை அவள் அப்படியே நின்றாள்.